கருங்கல் கம்ப்யூட்டரும் என் கல்யாணமும்

மடியில் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர். அதன் மேல் என் மோவாய். திருப்போரூரில் பஸ் ஏறி மாமல்லபுரம் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்து மானிட்டர் எப்படி இருக்கும் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? முன்னால் சின்ன முகம், பின்னால் பெருத்த உடம்பு, ஒரு பூசணிக்காயைப் பெட்டிக்குள் திணித்த மாதிரி. கனமோ கனம். என் தொடை இரண்டும் மரத்துப்போய்விட்டன.

கண்டக்டர் வந்து டிவிக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். டிவி இல்லை, கம்ப்யூட்டர் என்றேன். ரிப்பேருக்கா என்று கேட்டார். இல்லை, இதைப் பார்த்துச் சிலை வடிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிக்கெட்டே கொடுக்காமல் முன்பக்கம் போய்விட்டார். நான் இறங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

போன வாரம் லேப் சாவி தொலைந்த கதையைப் படித்துவிட்டு, அந்தக் கல்லூரியில் உருப்படியாக எந்த வேலையும் நடக்கவில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்றே ஒன்று நடந்தது ஐயா. ஆனால் அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

தாளாளரின் ஆசை

படூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அதில் நான் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளன். தினமும் செங்கல்பட்டிலிருந்து போய்வருவேன். எங்கள் தாளாளர் அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். கம்ப்யூட்டரை ஒரு தடவைகூடத் தொட்டவர் இல்லை. ஆனால் லேப் வாசலுக்கு வந்தால் தோளில் இருக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அவ்வளவு மரியாதை.

அவருக்கு ஒரு நாள் ஞானோதயம். எல்லாக் கல்லூரி வாசலிலும் சரஸ்வதி சிலை இருக்கிறது, நம் வாசலில் கம்ப்யூட்டருக்குச் சிலை வைப்போம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே வாசலில் நாலு கால் மண்டபம் எழும்பிவிட்டது. நடுவில் ஒரு பெரிய நந்தி படுத்துக்கொள்ளும் அளவுக்கு மேடை. சிலைதான் பாக்கி.

கம்ப்யூட்டர் என்றால் எப்படி இருக்கும் என்று சிற்பிக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால்தான் அந்த மானிட்டர், அந்த பஸ், அந்தக் கண்டக்டர்.

ஏகாம்பரம் ஸ்தபதி

மாமல்லபுரத்தில் அந்தத் தெருவில் நுழைந்தாலே காதில் உளிச் சத்தம்தான். வரிசையாகப் பட்டறைகள். ஏகாம்பரம் ஸ்தபதியின் பட்டறை கோடியில் இருந்தது. கல் தூசியில் புருவம்கூட வெளுத்திருக்கும். வாய் மட்டும் வெளுக்காது, தன் பெருமையை நாள் முழுக்கப் பேசும். தன் கைக்கு அடங்காத உருவம் இந்த உலகத்தில் கிடையாது என்பார்.

மானிட்டரை இறக்கி வைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“சாமி செலைக்கு முதுகு செவுத்துல ஒட்டிகினு இருக்கும். இதுக்கு முதுகுதான் பெருசா கீது. இன்னா தம்பி இது?”

எனக்கும் தெரியவில்லை. எம்.சி.ஏ. படித்தவன், ஆனால் மானிட்டருக்கு ஏன் அவ்வளவு பெரிய முதுகு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது என்று ஏதோ உளறினேன்.

அடுத்து வந்தது அதைவிடப் பெரிய கேள்வி. கல்லைத் தட்டினால் வரும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல், இரண்டும் இல்லாத கல் என்று பிரிப்பார்களாம். ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல், மூன்றாவது வகை தரைக்குப் போடத்தான். கம்ப்யூட்டர் ஆணா பெண்ணா என்று கேட்டார்.

சீக்கிரம் சூடாவதால் ஆண் என்று அவரே முடிவு செய்தார். அப்போது முன்பக்கக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது: “எல்லா வேலையும் செஞ்சிட்டு திட்டும் வாங்கிக்கினு கீது. பொம்பளதான் நைனா.”

அதுதான் தேவகி. அவருடைய ஒரே மகள். கடையில் மாக்கல் பிள்ளையாரும் யானையும் விற்பாள். வெளிநாட்டுக்காரர்களோடு பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் சிரித்துச் சிரித்துப் பேரம் பேசுவாள். திட்டுவது மட்டும் தமிழில். நான் அந்த நிமிடமே கவிழ்ந்தேன். கல் பெண் கல்லாகவே எடுக்கப்பட்டது.

ஏசி அறையும் செருப்பும்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தாளாளரின் பக்தியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தது செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு மிட்டாய்க் கடை மாடியில். கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. கம்ப்யூட்டருக்கு வெல்வெட்டில் சரிகை வைத்துத் தைத்த உறை, என் அக்கா கல்யாணப் புடவைக்குக்கூட அப்படி ஒரு சரிகை இல்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே வியர்த்து வழிய நிற்போம். உள்ளே அது குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். முறை வந்தவன் போய் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, வெளியே வந்து மற்றவர்களிடம் அந்த அனுபவத்தைச் சொல்வான்.

இதற்கும் முந்தின கதை என் சித்தப்பாவுடையது. சென்னையில் ஒரு அலுவலகத்தில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுக்கும் வேலை. ஒரு தடவை சம்பள அட்டைகள் இருந்த பெட்டியை செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் கொட்டிவிட்டார். பயணிகள் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்களாம். எல்லாம் ஒரே அளவு, அழகாக அடுக்கிவிட்டேன் சார் என்று ஒருவர் பெருமையோடு நீட்டினாராம். அட்டைகளின் வரிசை முறை போயே போச்சு. அந்த மாதம் ரிட்டையர் ஆனவருக்குப் பதவி உயர்வு வந்ததாகச் சித்தப்பா சத்தியம் செய்வார்.

முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர் ஒரு வீடு அளவு, அடுத்தது ஒரு அறை அளவு, அதற்கடுத்தது பீரோ அளவு என்று பரீட்சைக்காக நெட்டுருப் போட்டேன். இளைத்துக்கொண்டே வருவதுதான் அதன் ஜாதக பலன். அது என் ஜாதகத்திலும் புகுந்து விளையாடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

நந்தியின் கொம்பு

சிலை அருமையாக வந்தது. கொழுத்த மானிட்டர், பக்கத்தில் கோபுரம் போல சிபியூ, அதற்குக் கீழே நான் கேட்காமலே ஒரு தாமரைப் பீடம். கீபோர்டில்தான் சண்டை. ஸ்பேஸ் பார் ஏன் நீளம், வரிசையில் ஒரு பல் மட்டும் இவ்வளவு நீளமா இருக்குமா என்று கேட்டு, எல்லாக் கட்டையையும் ஒரே அளவில் செதுக்கிவிட்டார். மவுஸ் வயரை மட்டும் கல் சங்கிலியாக அடித்தார். வளையத்துக்குள் வளையம், எல்லாம் அதே கல். தூக்கினால் ஆடும். அதைப் பார்த்த அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குள் தேவகியும் நானும் கல்யாணம் வரை பேசிவிட்டோம். நேராக ஸ்தபதியிடம் போய்ப் பெண் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு சொன்னார். அவர் கைப்பட ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் எடுப்பார், சின்னச் சிலைகளை எல்லாம் பட்டறை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் உளி பட்ட கல் பட்டறை வாசலைத் தாண்டும்வரை வீட்டில் மேளம் கொட்டக் கூடாது. அவருடைய கல்யாணத்தின்போது ஒரு நந்தி பாதியில் நின்றதாம். தாலி கட்டிவிட்டு வந்து முதல் அடி அடித்தார், கொம்பு போய்விட்டது.

நந்தி கொம்புக்கும் தன் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தேவகி கேட்டாள். அவர் உளியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. சிலைதான் முடிந்துவிட்டதே, திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் தேதி கொடுத்தால் அது வாசலைத் தாண்டும், அடுத்த முகூர்த்தம் எங்களுடையது என்று மண்டபம்கூடப் பார்த்து வைத்தேன்.

முதுகு போனது

பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில் தாளாளர் சிங்கப்பூர் போய்வந்தார். அங்கே எல்லா மேஜையிலும் தட்டையான மானிட்டர். திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்கு வந்து, இது குண்டாக இருக்கிறதே, ஊர் சிரிக்கும் என்றார்.

கல்லில் கழிக்கலாம், கூட்ட முடியாது. முதுகை வெட்டினார்கள். மறுபடி பெரிய மனிதர், மறுபடி தேதி இல்லை. அதற்குள் லேப்டாப் வந்துவிட்டது. சிபியூ போயிற்று. கல் சங்கிலியும் போயிற்று. அதை வெட்டிய அன்று ஸ்தபதி சாப்பிடவில்லை. அவரோடு சேர்ந்து நானும் சாப்பிடவில்லை, தேவகிதான் இருவருடைய பங்கையும் சாப்பிட்டுவிட்டு எங்களைத் திட்டினாள். பிறகு தொட்டாலே வேலை செய்யும் பலகை வந்தது. கீபோர்டு போயிற்று. கடைசியில் எல்லாம் செல்போனுக்குள் அடங்கிவிட்டது என்று மேடையில் யாரோ பேசியதைத் தாளாளர் கேட்டுவிட்டு வந்தார்.

ஒவ்வொரு தடவையும் மாதிரியை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். மடியில் கனம் குறைந்துகொண்டே வந்தது. தலையில் முடியும் குறைந்துகொண்டே வந்தது. கடையில் நுழைந்ததும் தேவகி கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமலே கேட்பாள்: “இந்த தபா எது போச்சு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் அவளோடு படித்த பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் அந்தத் தெரு வழியாகப் போக ஆரம்பித்தபோது, கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளை இழந்துவிடுவேனோ என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

முதல் பார்வை

நாலு ஆள் புரட்டி வந்த பாறை ஒரு செங்கல் அளவுக்கு வந்து நின்றது. போன் பளபளவென்று முடிந்துவிட்டது. இனி இதற்குமேல் இளைக்க இடமில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

தாளாளர் காரை விட்டு இறங்கினார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மனிதன் மாதிரி நின்றுகொண்டு பேசுகிறதாம், ரோபோ என்று பெயராம். ஆள் உயரத்துக்கு ஒரு ரோபோவாக மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

இந்தக் கல்லிலா என்று ஸ்தபதி கேட்டார். ஆமாம், இந்தக் கல்லுக்குத்தானே பூஜை போட்டு ஆரம்பித்தோம் என்றார் தாளாளர். அவருக்குக் கல் என்பது நெல் மாதிரி, ஊறவைத்தால் உப்பும் என்று நினைப்பு போல.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி உள்ளே வந்தாள். “நைனா, கண்ணு தொறந்துடு.”

சிலைக்குக் கடைசி வேலை கண் திறப்பு. கண் திறந்த சிலையில் அதற்குப் பிறகு உளி படக்கூடாது, எந்தத் தாளாளர் சொன்னாலும். ஸ்தபதிக்கு அது புரிந்தது. ஆனால் கண் எங்கே என்று தேடினார். முன்பக்கம் மேலே, கேமரா இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

கோபம் வந்தால் அவருக்கு முன்னால் பின்னால் தெரியாது. நல்ல நேரம் பார்க்கவில்லை, பூஜை இல்லை. நுனி உளியை எடுத்து அந்தப் புள்ளியில் ஒரே ஒரு தட்டு.

தட்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக்கூடாது. கண்ணாடியைக் காட்டுவார்கள், கன்றோடு பசுவை நிறுத்துவார்கள். முதல் பார்வையின் உக்கிரம் மனிதன் மேல் விழக்கூடாது என்பது முறை. இங்கே கம்ப்யூட்டரின் முதல் பார்வையை முழுசாக வாங்கியவர் எங்கள் தாளாளர்.

அவர் முகம் வெளிறிவிட்டது. நேரே போய்க் காரில் ஏறினார். கோவளம் தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். வீட்டுக்குப் போனதும் விக்கல், இரண்டு நாள் நிற்கவில்லையாம். அதுவரை ஒழுங்காக இருந்த அவருடைய செல்போன் வேறு திரை உறைந்து நின்றுவிட்டது. அந்தச் சிலை கல்லூரிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கதை முடிந்தது. செதுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. கல் வாசல் தாண்டாமல் மேளம் கிடையாது. யோசனை சொன்ன தேவகி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கைப்பையில் போன சிலை

மூன்றாம் நாள் காலை தேவகி அந்தச் சிலையை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். கிரேன் வைத்துத் தூக்கத் திட்டமிட்ட சமாச்சாரம். பையின் வார் மட்டும் கொஞ்சம் முனகியது. நானும் அவளும் பஸ் ஏறிப் படூர் போனோம்.

தாளாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தேவகி பையைத் திறந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். தேவகி அசையவில்லை.

“மொதப் பார்வ யாரு மேல வுழுந்துதோ, அவங்க கையாலதான் அது எடத்துக்குப் போவணும். இல்லாங்காட்டி பின்னாலயே வந்துகினு இருக்கும் சார்.”

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. அவள் முகத்தில் ஒரு சிரிப்புக் கோடுகூட இல்லை. இத்தாலியனில் பேரம் பேசிய வாய் அல்லவா!

தாளாளர் இடுப்புத் துண்டை இரண்டு கையிலும் விரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிலையை வாங்கினார். நாங்கள் பிடித்து வழிகாட்ட, வாசல் மண்டபம் வரை கண்ணைத் திறக்காமலே நடந்தார். நந்தி படுக்கும் மேடையின் நடுவில் அந்தச் செங்கல் அளவுப் போனை வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கல் வாசல் தாண்டிவிட்டது. அப்போது தாளாளர் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து சொன்னார்: “ரோபோவுக்குப் புதுக் கல்லு காலைலயே ஸ்தபதி வூட்டுக்கு அனுப்பிட்டேன். நாள் நல்லா கீது, இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்.”

தெருவெல்லாம் உளிச் சத்தம்

ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பறந்தார். வழியெல்லாம் தேவகி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இதுவும் ஆரம்பித்துவிட்டால் இனி என்னால் காத்திருக்க முடியாது என்று திருவிடந்தை தாண்டும்போது மெல்லச் சொன்னாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தெருவில் இறங்கினோம். எல்லாப் பட்டறையிலும் டிங் டிங் என்று உளிச் சத்தம். அதில் எது அவருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடினோம்.

பட்டறையில் ஆள் உயரத்தைவிட ஒரு முழம் அதிகமாகப் புதுக் கல் நின்றது. காவியில் கோடு போட்டாகிவிட்டது. தலை, தோள், கை எல்லாம் கோட்டில் தெரிந்தன. ஸ்தபதி ஒரு கையில் உளியும் ஒரு கையில் சுத்தியலுமாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கோபம் எல்லாம் வாயில் வந்தது. உங்களுக்குக் கல்தான் பெண்ணா, அப்படியானால் இவள் யார் என்று கத்தினேன். அந்த வயதானவரை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“காலைலர்ந்து இப்டியே குந்திகினு கீறேன் தம்பி. இன்னும் உளி படல. படறதுக்குள்ள கட்டிடு.”

பிறகு உளியையும் சுத்தியலையும் துணியில் சுற்றித் தேவகியிடம் கொடுத்தார். முகூர்த்தம் வரைக்கும் தன் கண்ணில் காட்ட வேண்டாம் என்றார். அவள் அதை வாங்கிக்கொண்டு அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல் தூசி எல்லாம் அவள் கன்னத்தில் ஒட்டியது. அதைத் துடைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த முகூர்த்தம் அந்த வாரமே இருந்தது. வேறு இடம் கிடைக்காததால் பட்டறையிலேயே பந்தல் போட்டோம். காவிக் கோடு போட்ட ரோபோவுக்கு எங்கள் அக்கா ஒரு பட்டு வேட்டி சுற்றிவிட்டாள், பார்ப்பவர்களுக்கு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருக்கட்டும் என்று. தாளாளர் வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டார். நான் தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு ஆசீர்வாதம் வாங்கத் திரும்பினால், மாமனாரைக் காணவில்லை.

கெட்டிமேளம் ஓய்வதற்குள் மணமேடைக்குப் பின்னால் உளிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.